குழிக்குள் வந்த கடல்

கல்பாக்கத்தின் கதை: பகுதி 11

சென்ற வாரம், 1985 அக்டோபர் 18 அன்று கல்பாக்கத்தின் சோதனை வேக ஈனுலை முதன்முறையாகத் தொடர்வினையை எட்டிய நாளோடு நிறுத்தியிருந்தோம். 1974 பொக்ரான் சோதனைக்குப் பிறகு, செறிவூட்டிய யுரேனியம் தருவதாக இருந்த பிரான்ஸ் பின்வாங்கியது. புளூட்டோனியம், யுரேனியம் இரண்டையும் கார்பைடாக்கி நம் விஞ்ஞானிகளே புதிய எரிபொருளைச் செய்து உலையை நிரப்பினார்கள். அந்த உலையின் மின்திறன் 13 மெகாவாட் மட்டுமே. இந்த வாரக் கதை, அங்கிருந்து ஒரே தாவலாக 500 மெகாவாட்டுக்குப் போகத் துணிந்த கதை.

2003 செப்டம்பரில் மத்திய அரசு அந்த மாதிரி வேக ஈனுலைக்கு 3,492 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் தந்தது. அடுத்த மாதமே அதைக் கட்டி நடத்த ‘பாவினி’ என்ற அரசு நிறுவனம் உருவானது. 2004 அக்டோபர் 23 அன்று பிரதமர் மன்மோகன் சிங் கட்டுமானத்தைத் தொடங்கி வைத்தார். 2010 செப்டம்பரில் மின்சாரம் வரும், யூனிட் 3 ரூபாய் 22 காசுக்குக் கிடைக்கும் என்று திட்டக் கணக்கு சொன்னது.

தொடக்க விழா முடிந்து 64-ஆம் நாள், அந்த உலைக்காகத் தோண்டிய குழிக்குள் வங்கக் கடல் புகுந்தது.

ஏன் கடற்கரை?

அந்த நாளுக்குப் போவதற்கு முன், திருவண்ணாமலைப் பக்கத்து வாசகர் எவருக்கும் எழக்கூடிய ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட வேண்டும். அண்ணாமலையார் கோயிலிலிருந்து கல்பாக்கம் நேர்க்கோட்டில் 120 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நடுவே பாறை நிலம் எத்தனையோ இருக்கிறது. ராஜஸ்தானில் ராவத்பாட்டா, உத்தரப் பிரதேசத்தில் நரோரா, கர்நாடகத்தில் கைகா என்று கடலே இல்லாத இடங்களில் இந்தியா அணுமின் நிலையம் கட்டியிருக்கிறது. வட தமிழ்நாட்டில் மட்டும் ஏன் மணற்கரையைத் தேடிப் போனார்கள்? விடை தண்ணீரில் இருக்கிறது. மாதிரி வேக ஈனுலை 1,250 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்கி 500 மெகாவாட் மின்சாரம் தருவதாக வடிவமைக்கப்பட்டது. மீதி 750 மெகாவாட் வெப்பத்தை எங்காவது கொண்டுபோய் விட்டாக வேண்டும். தண்ணீரை ஒருமுறை ஓடவிட்டு, அது 7 டிகிரிக்கு மேல் சூடாகாமல் வெளியேற்றுவதென்றால் நொடிக்கு ஏறத்தாழ 25,000 லிட்டர் வேண்டும். தென்பெண்ணையின் குறுக்கே 1958-இல் கட்டி முடித்த சாத்தனூர் அணையின் முழுக் கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. அணை நிரம்பி வழிந்தாலும், புதுவரத்து இல்லையென்றால், இந்த ஒற்றை உலையின் ஓட்டத்துக்கு அது மூன்று மாதம்தான் தாங்கும். குளிர்விப்புக் கோபுரங்கள் கட்டினால் தேவை பல மடங்கு குறையும் என்பது உண்மை. ஆனால் அந்தக் குறைந்த தேவையும் ஒரு நாள்கூடத் தவறக்கூடாத தேவை. சாத்தனூரோ பருவமழை பொய்த்த ஆண்டுகளில் பாசனத்துக்கே திணறும் அணை. செய்யாற்றையும் பாலாற்றையும் பற்றிச் சொல்லவே வேண்டாம். பெரும்பாலான மாதங்கள் அவை மணலாறுகள்.

ஆக, 1960-களின் பிற்பகுதியில் கல்பாக்கத்தைத் தேர்ந்தவர்களின் நியாயம் வலுவானது. வற்றாத கடல் இருந்தது. சற்று ஆழத்தில் உறுதியான சார்னோகைட் பாறை கிடைத்தது. மின்சாரத்துக்குப் பசித்த சென்னை தொட்டுவிடும் தொலைவில் இருந்தது. ஆபத்து நேர்ந்தால் விலகி நிற்கும் தொலைவும் இருந்தது. ஜவ்வாது மலையில் பிறந்து, செங்கத்தையும் கலசப்பாக்கத்தையும் தொட்டு, திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிற செய்யாற்றின் நீரும் கடைசியில் கல்பாக்கத்துக்குச் சற்றுத் தெற்கேதான் கடலைச் சேர்கிறது. கல்பாக்கம் வளாகம் தன் நன்னீருக்கு அந்தப் பாலாற்று மணலைத்தான் நம்பியிருந்தது. அதுவும் போதாமல்தான் 2002-இல் அங்கே கடல்நீரிலிருந்து ஆர்.ஓ. முறையில் நாளொன்றுக்கு 18 லட்சம் லிட்டர் நன்னீர் தரும் ஆலையைத் தொடங்கினார்கள். நீருக்காகக் கடலோரம் போனவர்கள், குடிநீருக்கும் கடலையே நாட வேண்டியதாயிற்று.

ஒருமுறை கேட்ட கேள்வி

இடத்தேர்வில் அன்று செய்தது தவறென்று வாதிடுவது என் நோக்கம் அல்ல. அதன் பிறகு நடந்ததுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலைக்கு 1971-இல் கட்டுமானம் தொடங்கியபோது நாட்டில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் என்ற ஒன்றே கிடையாது. அந்த உலை 1983 ஜூலை 2 அன்று தொடர்வினையை எட்டியது. வாரியம் பிறந்தது அதே ஆண்டு நவம்பர் 15. அணுமின் நிலையத்துக்கு இடம் எப்படிப் பார்க்க வேண்டும் என்ற விதித்தொகுப்பை வாரியம் வெளியிட்டது 1990-இல். உலையைச் சுற்றி 1.6 கிலோமீட்டருக்குக் குடியிருப்பு கூடாது, 5 கிலோமீட்டருக்குள் மக்கள்தொகை பெருக விடக்கூடாது, 16 கிலோமீட்டருக்கு அவசரகாலத் திட்டம் வேண்டும் என்றெல்லாம் அது வகுத்தது. அதற்குள் கல்பாக்கத்தில் இரண்டு மின்னுலைகள், ஒரு சோதனை உலை, ஆராய்ச்சி மையம், பல்லாயிரம் பேர் வாழும் நகரியம் எல்லாம் வேரூன்றிவிட்டன.

500 மெகாவாட் உலைக்கு இடம் தேடும் நேரம் வந்தபோது, பதில் ஏற்கெனவே கையில் இருந்தது. நிலம் அணுசக்தித் துறையுடையது. விஞ்ஞானிகள் அங்கேயே வசிக்கிறார்கள். சோடியத்தைக் கையாண்ட அனுபவம் அங்கே மட்டும்தான் இருக்கிறது. வேறு இடம் தேடுவது பணத்தையும் காலத்தையும் வீணாக்குவதாகவே யாருக்கும் தோன்றியிருக்கும். கடல் எவ்வளவு உயரம் வரும் என்ற கேள்விக்கும் பழைய பதிலையே புதுப்பித்தார்கள். அன்று இந்தியக் கிழக்குக் கரையில் வெள்ள மட்டத்தைக் கணக்கிட எடுத்துக்கொண்ட எதிரி புயல். புயலோடு எழும் கடலேற்றத்துக்குத் தக்கபடி தரைமட்டத்தை உயர்த்தினார்கள். கடலடி நிலநடுக்கம் எழுப்பும் அலை கணக்கில் வரவில்லை.

‘யாருக்கும் தெரியாததை யார் கணக்கில் எடுக்க முடியும்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் முழுக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே ஏற்பட்ட நிலநடுக்கத்தின் ஆழிப்பேரலையைச் சென்னைத் துறைமுகத்தின் அலைமானி பதிவு செய்திருந்தது. 1883-இல் கிராகட்டோவா எரிமலை வெடித்தபோதும் இந்தியக் கரையின் அலைமானிகள் அசைந்தன. இரண்டும் இங்கே சிறிய அலைகள்தான். அவற்றை வைத்து 2004-ஐ யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. எனினும், அந்தமான்–சுமத்ரா பிளவு இந்தக் கரைக்கு அலை அனுப்பக்கூடியது என்பதற்கு நூறாண்டுப் பழைய சாட்சியம் இருந்தது. புதிதாக ஓர் இடத்தைத் தேடுகிறவர் அந்த ஏடுகளைப் புரட்டக் காரணம் இருந்திருக்கும். இருக்கிற இடத்திலேயே இன்னொன்றைக் கட்டுகிறவருக்கு அந்தக் காரணம் எழவில்லை. 2004-க்குப் பிறகு மாமல்லபுரம் அருகே மணலடுக்குகளை ஆராய்ந்தவர்கள், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் இப்படியொரு அலை வந்திருக்கக்கூடும் என்று கருதினார்கள். அந்த மணல் கல்பாக்கத்துக்குச் சற்று வடக்கே அத்தனை காலமும் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை

2004 டிசம்பர் 26. இந்திய நேரம் காலை 6.29. சுமத்ராவின் வடமேற்கே 9.1 அளவில் கடற்தரை பிளந்தது.

இந்தியாவுக்கு அன்று ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பு இல்லை. ஐதராபாத்தில் அத்தகைய மையம் வந்தது 2007 அக்டோபரில்தான். அலை கல்பாக்கத்தைச் சேர இரண்டரை மணி நேரம் பிடித்தது. அந்த நேரம் யாருக்கும் பயன்படாமல் கழிந்தது.

சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை அன்று ஓடவில்லை. அதன் குளிர்விப்புக் குழாய்களை மாற்றும் நீண்ட வேலைக்காக நிறுத்தப்பட்டிருந்தது. இரண்டாம் உலை முழு ஓட்டத்தில் இருந்தது. நிலையத்துக்கான கடல்நீர், கரையிலிருந்து கடலுக்குள் அரைக் கிலோமீட்டர் அளவு நீளும் அடிநிலச் சுரங்கம் வழியாக வருகிறது. அலை அந்தச் சுரங்கத்தில் பாய்ந்து பம்ப் அறைக்குள் ஏறியது. நீராவியைக் குளிர்விக்கும் பம்புகள் மூழ்கி நின்றன. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் டர்பைனையும் உலையையும் நிறுத்தினார்கள். எஞ்சிய வெப்பத்தை வெளியேற்றத் தேவையான நீரோட்டம் கைவசம் இருந்தது. வெளியிலிருந்து வரும் மின்தொகுப்பு இணைப்பு அறுபடவில்லை. உயரத்தில் வைக்கப்பட்ட டீசல் ஜெனரேட்டர்களும் நனையவில்லை. உலை அமைதியாகக் குளிர்ந்தது. ஏழாம் நாள், 2005 ஜனவரி 2 அன்று, அது மீண்டும் இயங்கத் தொடங்கியது.

நகரியத்துக்கு அந்த நல்வாய்ப்பு இல்லை. கடலை ஒட்டிய வீடுகளிலும் சுற்றியுள்ள மீனவர் குப்பங்களிலும் உயிர்கள் போயின. உலையைக் காத்த கணக்கு, உலையை நடத்துகிறவர்களின் குடும்பங்களைக் காக்கவில்லை. இந்தச் சம்பவத்தைப் பற்றிய தொழில்நுட்ப அறிக்கைகளில் இது ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. இடத்தேர்வு என்றால் உலைக்கு மட்டும் இடம் பார்ப்பதல்ல என்பதால் இங்கே அதை அழுத்திச் சொல்கிறேன்.

சற்றுத் தள்ளி, புதிய உலைக்காகத் தோண்டிய பெருங்குழி நீரால் நிரம்பியது. இரண்டு மாதங்களுக்கு முன் பிரதமர் தொடங்கி வைத்த வேலையின் மேல் கடல்நீரும் சேறும் நின்றன.

அலை எதை நிரூபித்தது?

‘இதைவிடக் கடும் தேர்வு வேண்டுமா? வந்தது ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை வரும் அலை. உலை பத்திரமாக நின்றது. ஆகவே இடமும் சரி, விதிகளும் சரி’ என்று அணுசக்தித் துறையினர் பலர் அப்போது சொன்னார்கள். அதில் பாதி உண்மை. ஜெனரேட்டர்களை உயரத்தில் வைத்த பொறியாளரின் முன்யோசனை பாராட்டத்தக்கது. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவில் அவற்றைத் தாழ்வான தளத்தில் வைத்திருந்ததன் விளைவை உலகம் பார்த்தது. ஆனால் மறுபாதியையும் பார்க்க வேண்டும். மின்தொகுப்பு இணைப்பு நிலைத்தது வடிவமைப்பின் சாதனை அல்ல. நிலநடுக்கம் வெகு தொலைவில் நடந்ததால் கரையில் நிலம் பெரிதாக அதிரவில்லை, கம்பங்கள் சாயவில்லை. இரண்டு உலைகளில் ஒன்று ஏற்கெனவே ஓய்வில் இருந்ததும் தற்செயல். ஒரு தேர்வில் தேறியது உண்மை. அந்தத் தேர்வை முன்கூட்டி எதிர்பார்த்துத் தயாரானோமா என்றால், இல்லை.

இந்த வேறுபாட்டைத் துறையும் உள்ளூர உணர்ந்திருக்கிறது. 2005 ஆகஸ்ட் இறுதியில், அணுமின் நிலையங்களுக்கு வெளியிலிருந்து வரும் வெள்ள அபாயம் பற்றிய பன்னாட்டுப் பயிலரங்கு ஒன்று பன்னாட்டு அணுசக்தி முகமையின் பங்கேற்போடு கல்பாக்கத்திலேயே கூடியது. புதிய உலையின் குழியிலிருந்து நீரை இறைத்து, சேற்றை வாரி, அடித்தளத்தை மறுபடி ஆராய்ந்து, ஒழுங்குமுறை வாரியம் திருப்தியடைந்த பிறகே கான்கிரீட் வேலை தொடர்ந்தது. இதற்குச் சில மாதங்கள் பிடித்தன.

சில மாதங்கள். இந்த இரண்டு சொற்களை நினைவில் வையுங்கள்.

காலத்தைத் தின்றது யார்?

அணுமின்சாரம் ஏன் விலை உயர்ந்தது என்று கேட்டால், உலகெங்கும் உடனடியாக வரும் பதில் ஒன்று உண்டு: ஒழுங்குமுறை அதிகம், அனுமதிகள் தாமதம், மக்கள் எதிர்ப்பு. இவற்றைத் தளர்த்தினால் புதுவகை உலைகள் மலிவாகிவிடும் என்கிறார்கள். இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்கக் கல்பாக்கத்தைவிடச் சுத்தமான களம் உலகில் அரிது. நிலம் பல பத்தாண்டுகளாகத் துறையின் கையில் இருந்தது. வேலையை நிறுத்தும் அளவுக்கு மக்கள் போராட்டம் எழவில்லை. உலையை வடிவமைத்த இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், அதைக் கட்டிய பாவினி, இரண்டுமே அணுசக்தித் துறையின் கீழ். ஒழுங்குமுறை வாரியமோ 1962 அணுசக்திச் சட்டத்தின் கீழ் ஓர் அரசாணையால் பிறந்தது. அது அறிக்கை தந்தது அணுசக்தி ஆணையத்திடம். அந்த ஆணையத்தின் தலைவரே துறையின் செயலர். வாரியத்தின் இந்த நிலையைத் தணிக்கைத் துறைத் தலைவர் 2012-இல் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையில் வெளிப்படையாகக் குறை கூறினார். சுருக்கமாக, உலையைத் தாமதப்படுத்தும் என்று சொல்லப்படும் தடைகள் அத்தனையும் இங்கே மிகத் தாழ்ந்து இருந்தன.

விளைவு? 2010 செப்டம்பர் கடந்தது. 3,492 கோடி 5,677 கோடியானது. பிறகு 6,840 கோடியானது. ஏறத்தாழ இரு மடங்கு. உலையின் மையத்தில் எரிபொருள் நிரப்பும் பணியின் தொடக்கத்தைப் பார்வையிடப் பிரதமர் நரேந்திர மோடி கல்பாக்கம் வந்தது 2024 மார்ச் 4 அன்று. இந்தப் பெருந்தாமதத்தில் ஆழிப்பேரலையும் வாரியத்தின் மறுஆய்வும் சேர்ந்து எடுத்துக்கொண்டது சில மாதங்கள். மீதி ஆண்டுகளைக் கடலின் மேலும் விதிகளின் மேலும் போட முடியாது.

இங்கே கூடங்குளத்தை நினைவூட்டுவார்கள். அங்கே போராட்டம் தாமதத்தை உண்டாக்கவில்லையா? உண்டாக்கியது. ஆனால் கூடங்குளம் முதல் உலையின் தொடக்க இலக்கு 2007 டிசம்பர். இடிந்தகரைப் போராட்டம் பெரிதாக வெடித்த 2011 ஆகஸ்டில் அந்த இலக்கு கடந்து மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. போராட்டம் இல்லாத ஆண்டுகளில் காலம் எங்கே போனது என்ற கேள்வி அங்கும் இருக்கிறது.

அமெரிக்காவின் சிற்றுலைத் திட்டம் இன்னொரு சான்று. நியூஸ்கேல் நிறுவனம் தன் வடிவமைப்புக்கு ஒழுங்குமுறை ஒப்புதல் பெறப் பெரும் பணத்தைச் செலவிட்டது மெய்தான். அந்தச் சுமை உண்மையானது. சிறு நிறுவனத்துக்குத் தாங்க முடியாதது. ஆயினும் 2023 ஜனவரியில் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. அதே ஆண்டு நவம்பரில்தான் ஐடஹோவில் கட்டவிருந்த முதல் நிலையம் கைவிடப்பட்டது. மெகாவாட்–மணிக்கு 58 டாலர் என்றிருந்த இலக்கு விலை 89 டாலராக ஏறியதும் மின்சாரம் வாங்க முன்வந்த நகரங்கள் தயங்கின. சான்றிதழ் கிடைத்த பிறகே அந்தத் திட்டம் வீழ்ந்தது. வீழ்த்தியது விலை.

வேக ஈனுலைகளின் வரலாறும் இதையே காட்டுகிறது. பிரான்சின் சூப்பர்ஃபீனிக்ஸ் 1986-இல் மின்தொகுப்பில் இணைந்து, ஓடியதைவிட நின்றதே அதிகமாகி, 1990-களின் இறுதியில் மூடப்பட்டது. ஜப்பானின் மொஞ்சு 1995 டிசம்பரில் சோடியக் கசிவால் தீப்பிடித்து, பிறகு நிமிரவே இல்லை. 2016-இல் அதை நிரந்தரமாக மூட முடிவெடுத்தார்கள். ரஷ்யா மட்டும் 1980 முதல் பெலோயார்ஸ்கில் விடாமல் ஓட்டுகிறது. காற்றுப் பட்டால் எரிந்து, நீர் பட்டால் வெடிக்கும் சோடியத்தை ஆயிரம் டன்னுக்கு மேல் 500 டிகிரியைத் தாண்டிய சூட்டில் ஆண்டுக்கணக்கில் சுழல விடுவது எந்த விதிப்புத்தகத்தாலும் கடினமானதல்ல. இயல்பிலேயே கடினமானது. முதன்முதலாகச் செய்யப்படும் ஒவ்வொரு பம்பும் ஒவ்வொரு பற்றவைப்பும் தன் விலையைக் காலமாக வாங்கிக்கொள்கிறது.

ஆகையால் என் முடிவு இது. இடத்தைப் பற்றியும் பாதுகாப்பைப் பற்றியும் தொடக்கத்திலேயே கறாராகக் கேட்டிருந்தால் கூடியிருக்கக்கூடியது சில மாதங்கள்தான். கேட்காமல் விட்டதால் அந்தச் சில மாதங்கள்கூட மிச்சமாகவில்லை. கடல் வந்து அவற்றை எடுத்துக்கொண்டது. சென்னைக்கு இவ்வளவு அருகே நிற்கும் உலையைத் தன்னைக் கட்டுகிற துறைக்குக் கட்டுப்படாத ஒரு வாரியம் சோதித்திருக்க வேண்டும் என்று கேட்பது, அந்த உலைக்கு எதிரான கோரிக்கை அல்ல. பாலாற்றுப் படுகையிலும் செய்யாற்றுக் கரையிலும் அந்த மின்சாரத்துக்காகக் காத்திருக்கிறவர்களுக்குரிய உரிமை அது.

2005-இல் குழி வறண்டது. கான்கிரீட் மீண்டும் எழுந்தது. உலையின் பிரதானக் கலம் ஏறத்தாழ 13 மீட்டர் விட்டம் கொண்டது. எந்தச் சாலையிலும் ஏற்ற முடியாதது. அதைக் கல்பாக்கத்திலேயே கொட்டகை போட்டுப் பற்றவைத்து முடித்து, 2009 டிசம்பரில் உலைக்குள் இறக்கினார்கள். தொடக்கத் திட்டக் கணக்கின்படி இன்னும் ஓராண்டுக்கும் குறைவான காலம்தான் மிச்சம். அதற்கு ஓராண்டு முன்பே, 2008 செப்டம்பரில், அணு எரிபொருள் வழங்கும் நாடுகளின் குழு இந்தியாவுக்கு விலக்களித்துவிட்டது. யுரேனியம் கிடைக்காது, ஆகவே ஈனுலை வேண்டும் என்ற பழைய காரணத்தின் அடித்தளமே அசைந்தது.

கலம் உள்ளே போய்விட்டது. யுரேனியத்துக்கோ வெளியே கதவு திறந்துவிட்டது. இனி இந்த உலை எதற்காக, எந்த விலையில் ஓட வேண்டும்?

(அடுத்த வாரம்)